போர்ட்டல் லாகின் ஆகலையா? டெல்டா பக்கத்து காலேஜ் புள்ளைங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை, நாகைன்னு நம்ம பக்கத்துல காலேஜ் படிக்கிற புள்ளைங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும் திரும்பத் திரும்ப கேக்குறத எல்லாம் இங்க சேத்து வச்சிருக்கேன். காலேஜோட சொந்த போர்ட்டலா இருக்கலாம், நெறைய எடத்துல அது மூடுல்ங்கற பாடம் நடத்துற சாஃப்ட்வேர்ல ஓடும், இல்ல மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் சைட்டான ஸ்வயம், ஐஐடிங்க நடத்துற என்பிடெல், தமிழ்நாடு அரசோட திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் எதுவா வேணா இருக்கலாம், லாகின்ல மாட்டுற எடம் முக்காவாசி ஒண்ணுதான். பாஸ்வேர்ட் மறந்து மாட்டுறவங்கள விட, அக்கவுன்ட்ட வேற யாரோட நம்பர்லயோ வேற யாரோட மெயில்லயோ வச்சுக்கிட்டு மாட்டுறவங்கதான் நம்ம பக்கம் ஜாஸ்தின்னு நான் பாக்குறேன். அதனால ஓடிபி பத்தின கேள்விகளுக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்லியிருக்கேன், அவசரமா இருந்தாலும் அத மட்டும் தாண்டிப் போகாதீங்க.

அண்ணே, பாஸ்வேர்ட் சரியாத்தான் போடுறேன், ஆனா தப்பு தப்புன்னே வருது. என்ன பண்றது?

மொதல்ல பாஸ்வேர்ட் கட்டத்துக்குப் பக்கத்துல கண்ணு மாதிரி ஒரு குறி இருக்கும், அத அமுக்கிட்டு நீங்க உண்மையில என்ன டைப் பண்றீங்கன்னு கண்ணால பாருங்க. போன் கீபோர்டு மொத எழுத்த தானாவே பெரிய எழுத்தா மாத்திடும், பாஸ்வேர்ட்ல பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற. கீபோர்டு காட்டுற சஜஷன தொட்டு யூசர் நேம் போட்டா கடைசில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வந்துடும், கண்ணுக்கே தெரியாது, ஆனா போர்ட்டலுக்கு அது வேற பேரு. கிளாஸ் குரூப்ல வந்த பிடிஎஃப்லேருந்து காப்பி பண்ணி ஒட்டினாலும் இதே கதைதான். அந்த பிடிஎஃப்ல இருக்குறது பூஜ்யமா இல்ல 'ஓ' எழுத்தா, ஒண்ணா இல்ல சின்ன 'எல்'லான்னு கண்ணுக்குப் பிரியாது, ரெண்டு மாதிரியும் போட்டுப் பாக்கணும்.

இன்னொண்ணு, குரோம் பழைய பாஸ்வேர்ட சேத்து வச்சிருக்கும். நீங்க போன வாரம் மாத்தியிருப்பீங்க, அது பழசையே நிரப்பிக்கிட்டு இருக்கும், நீங்களும் புள்ளி புள்ளியா தெரியிறத பாத்துட்டு சரியாத்தான் இருக்குன்னு நெனச்சு லாகின அமுக்குவீங்க. கட்டத்த முழுசா அழிச்சிட்டு கையால டைப் பண்ணுங்க, உள்ள போனதும் புதுச அப்டேட் பண்ணவான்னு குரோம் கேக்கும், சரின்னு குடுத்துடுங்க.

டேட் ஆஃப் பர்த்துதான் பாஸ்வேர்ட்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதுவும் ஏறல.

பெரும்பாலும் எட்டு எண்ணா, நடுவுல கோடோ புள்ளியோ இல்லாம போடணும். 2006 மார்ச் 5ன்னா 05032006, நாளுக்கு முன்னாடி பூஜ்யம், மாசத்துக்கு முன்னாடி பூஜ்யம், இந்த ரெண்டுல ஒண்ண விட்டாலும் போச்சு. சில எடத்துல நடுவுல சாய்கோடோ சின்னக் கோடோ போடச் சொல்லியிருப்பாங்க, அனுப்புன சர்க்குலர இன்னொரு தடவ படிச்சுப் பாருங்க.

அதுக்கும் ஏறலன்னா எந்த தேதின்னு யோசிங்க. நம்ம ஊர்ல நெறைய பேருக்கு ஸ்கூல்ல குடுத்த பொறந்த தேதி ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு. சேர்க்கை சமயத்துல ஆபீஸ்ல ஏத்துனது பத்தாவது மார்க் ஷீட்ல உள்ளதாத்தான் அநேகமா இருக்கும், அத போட்டுப் பாருங்க. உள்ள போனதும் பாஸ்வேர்ட உடனே மாத்திடுங்க, இது ரொம்ப முக்கியம். உங்க பொறந்த நாள் கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும், ரெஜிஸ்டர் நம்பர் நோட்டீஸ் போர்டுலயே இருக்கும், அப்ப உங்க அக்கவுன்ட் பூட்டாத வீடுதான்.

"அக்கவுன்ட் லாக்டு"ன்னு வருது சார், பயமா இருக்கு.

பயப்பட ஒண்ணுமில்ல. நாலஞ்சு தடவ தப்பா போட்டா யாரோ திருட்டுத்தனமா நுழையப் பாக்குறாங்கன்னு போர்ட்டல் நெனச்சு கொஞ்ச நேரம் கதவ சாத்திடும், அவ்ளோதான். கால் மணி நேரமோ அர மணி நேரமோ, போர்ட்டலுக்குப் போர்ட்டல் மாறும். அந்த நேரத்துல திரும்பத் திரும்ப அமுக்குனா சில எடத்துல நேரம் இன்னும் நீளும், அதனால போன கீழ வச்சிடுங்க. அப்பறம் வந்து அதே பாஸ்வேர்ட ஆறாவது தடவ போடாம, நேரா ஃபர்காட் பாஸ்வேர்டுக்குப் போங்க.

ஓடிபி வரவே மாட்டேங்குது. நாலு தடவ ரீசென்ட் குடுத்துட்டேன்.

ரீசென்ட் குடுக்கக் குடுக்க சிக்கல்தான் கூடும். கடைசியா அனுப்புன ஓடிபி மட்டும்தான் பெரும்பாலும் செல்லும், முன்னாடி அனுப்புனது லேட்டா வந்து விழும், நீங்க அத போடுவீங்க, தப்புன்னு வரும், மறுபடி ரீசென்ட். ஒரு தடவ அமுக்கிட்டு அஞ்சு நிமிஷம் காத்திருங்க. அதுக்குள்ள மெசேஜ் ஆப்ல ஸ்பாம் அண்ட் பிளாக்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல விழுந்திருக்கான்னு பாருங்க. போன் மெமரி நெரம்பி வழிஞ்சா எஸ்எம்எஸ் உள்ள வராது, நாலு வீடியோவ அழிங்க. விளம்பர மெசேஜ் வேணாம்னு டிஎன்டி போட்டிருக்கேன் அதனாலயான்னு நெறைய பேர் கேக்குறாங்க, இல்ல, டிஎன்டி விளம்பரத்துக்குத்தான், ஓடிபிய அது தடுக்காது.

சிம் தொலஞ்சு புதுசா அதே நம்பர்ல வாங்கியிருந்தாலோ, பழைய சிம்ம மாத்தியிருந்தாலோ, மொத 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது வராது. இது தொலைத்தொடர்புத் துறையே போட்ட விதி, உங்க நம்பர்ல யாராவது திருட்டு சிம் எடுத்து பேங்க் ஓடிபிய வாங்கிடக் கூடாதுன்னு. அதனால மறுநாள் டெஸ்ட் இருக்குன்னா இன்னைக்குப் போயி சிம்ம மாத்திக்கிட்டு வராதீங்க.

எல்லாம் பாத்தாச்சு, இன்னும் வரலைன்னா, அது எந்த நம்பருக்குப் போவுதுன்னு பாருங்க. ஸ்கிரீன்லயே கடைசி ரெண்டு இல்ல நாலு எண் காட்டும். அது உங்க நம்பர் இல்லன்னா அடுத்த கேள்விதான் உங்களுக்கு.

ஓடிபி எங்கப்பா நம்பருக்குப் போவுது. அவரு வயல்ல இருக்காரு. சில பேருக்கு அப்பா துபாய்ல இருக்காரு. என்ன வழி?

நம்ம பக்கத்துக்குன்னே உள்ள பிரச்சனை இது. அட்மிஷன் ஃபாரத்துல மொபைல் நம்பர்னு கேட்டப்ப புள்ளைக்கு சொந்தமா போன் இல்ல, அப்பா நம்பர குடுத்தோம், அந்த நேரத்துக்கு அது சரிதான். இப்ப நடவு நேரத்துல, அறுப்பு நேரத்துல அவரு போன வரப்புல வச்சிட்டு எறங்கியிருப்பாரு, இல்ல வீட்டுலயே சார்ஜ்ல போட்டுட்டுப் போயிருப்பாரு, ஓடிபிக்கு ஆயுசு அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம்தான். அவரு கரையேறி போன எடுத்துப் படிச்சு சொல்றதுக்குள்ள அது செத்துப் போயிடும்.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் இன்னும் கஷ்டம், நம்பருக்குச் சொந்தக்காரர் வளைகுடாவுலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாரு. ஊர் சிம் அவரு கையில இருந்து, ரோமிங்கும் போட்டிருந்தா எஸ்எம்எஸ் அங்கயே வரும், அவருகிட்ட போன்ல பேசிக்கிட்டே ஓடிபிய கேட்டு போட்டுடலாம். சிம்ம கழட்டி பீரோவுல வச்சிட்டுப் போயிருந்தா அத ஒரு போன்ல போட்டு உயிரோட இருக்கான்னு பாருங்க. ப்ரீபெய்டு நம்பர் 90 நாள் எதுக்குமே பயன்படுத்தாம கெடந்தா கம்பெனி அத கட் பண்ணிடலாம், கட் ஆகி இன்னொரு 90 நாள் போனதுக்கப்பறம் அதே நம்பர வேற ஆளுக்குக் குடுக்கலாம். அப்ப உங்க போர்ட்டல் ஓடிபி முன்பின் தெரியாத ஒருத்தரு போனுக்குப் போவும். உங்க பாஸ்வேர்ட மாத்துற அதிகாரம் அவரு கையில இருக்குன்னு அர்த்தம், இத லேசா எடுத்துக்காதீங்க.

இதுக்கு நெரந்தரமான வழி ஒண்ணுதான். ஒரு தடவ உள்ள போக முடிஞ்ச அன்னிக்கே புரொஃபைலுக்குப் போயி நம்பர உங்க கையில இருக்குற நம்பரா மாத்துங்க. அப்பா ஊருக்கு லீவுல வந்திருக்கப்ப இந்த வேலைய முடிச்சிடுங்க, ரெண்டு நிமிஷம்தான் ஆவும். மாத்துற வசதி புரொஃபைல்ல இல்லன்னா, ஐடி கார்டோட காலேஜ் ஆபீஸ்லயோ, அந்த போர்ட்டலுக்குப் பொறுப்பா போட்டிருக்குற சார்கிட்டயோ எழுதிக் குடுங்க. என்பிடெல்லுக்கு லோக்கல் சாப்டரா சேந்திருக்குற காலேஜ்ல எஸ்பிஓசின்னு அதுக்குப் பொறுப்பா ஒரு ஆசிரியர் இருப்பாரு, நான் முதல்வனும் காலேஜ் வழியா பேர் ஏத்துற திட்டம்தான், அதனால அங்கயும் மொதல்ல பாக்க வேண்டியது காலேஜ்ல அதுக்குப் பொறுப்பா இருக்குறவர. சென்னைக்கு போன் போட்டு காத்திருக்க வேண்டியதில்ல.

தம்பி, என் பொண்ணு அக்கவுன்ட்ட ப்ரவுசிங் சென்டர்லதான் ஓபன் பண்ணோம். எந்த மெயில்னே தெரியல.

இதுவும் நெறைய வருதுங்க அம்மா. கடைசி நாள், கூட்டம், கடைக்காரர் தன் மெயில் ஐடியயோ தன் நம்பரயோ போட்டு சட்டுன்னு முடிச்சுக் குடுத்திருப்பாரு, பல பேரு உதவியாத்தான் அத செஞ்சிருக்காங்க. அன்னிக்கு குடுத்த பிரிண்ட் அவுட் இருந்தா அதுல மெயில் ஐடி இருக்கும், தேடிப் பாருங்க. இல்லன்னா அந்தக் கடைக்கே பாப்பாவ கூட்டிக்கிட்டு நேர்ல போங்க, போன்ல கேட்டா வேலை ஆவாது. ரீசெட் லிங்க் அவரு மெயிலுக்கு வரும், அங்கயே வச்சு பாஸ்வேர்ட மாத்தி, அங்கயே மெயிலையும் நம்பரையும் பாப்பாவோடதா மாத்திட்டு வாங்க. கடைய மூடிட்டுப் போயிட்டாருன்னா காலேஜ் ஆபீஸ் வழியாத்தான் மாத்தணும், அதுக்கு நாள் பிடிக்கும், அதனால பரீட்சை ஃபீஸ் கட்டுற கடைசி வாரம் வரைக்கும் தள்ளாதீங்க.

இனிமே எங்க ஃபாரம் போட்டாலும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி பாப்பா பேர்ல ஒரு ஜிமெயில் ஓபன் பண்ணி, அத ஒரு பேப்பர்ல எழுதிக் கையில எடுத்துட்டுப் போங்க. இ-சேவை மையத்துக்குப் போனாலும் இதேதான். "உங்க மெயில போட்டுடுங்க சார்"னு மட்டும் சொல்லாதீங்க.

ரீசெட் மெயில் வரல.

ஸ்பாம், ப்ரமோஷன்ஸ் ரெண்டையும் பாருங்க, மேல தேடுற கட்டத்துல போர்ட்டல் பேர போட்டுத் தேடுனா இன்னும் சுலபம். அப்பறம் ஜிமெயில் நெரம்பிடுச்சான்னு பாருங்க. இலவசமா கெடைக்கிறது 15 ஜிபிதான், அதுலயே போட்டோஸும் டிரைவும் வாட்ஸ்அப் பேக்கப்பும் சேந்து உக்காந்திருக்கும், அது முழுசா நெரம்பிட்டா புது மெயில் உள்ள வராது. கல்யாண வீடியோ ஒண்ண டிரைவ்லேருந்து எடுத்தாலே எடம் கெடச்சிடும், குப்பைத் தொட்டியையும் காலி பண்ணணும், இல்லன்னா எடம் திரும்பாது.

வந்த லிங்க்க உடனே தொடுங்க. மூடுல்ல அந்த லிங்க்கோட ஆயுசு, காலேஜ்ல மாத்தி வைக்கலன்னா, 30 நிமிஷம்தான். காலைல அனுப்புனத சாயங்காலம் தொட்டா ஏறாது. ரெண்டு தடவ கேட்டிருந்தீங்கன்னா கடைசியா வந்த மெயில்ல இருக்குறத தொடுங்க. "அந்த மெயில் எங்ககிட்ட இருந்தா லிங்க் அனுப்பியிருப்போம்"ங்கற மாதிரி காட்டும் பாருங்க, அத பாத்து போயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க, மெயில் தப்பா இருந்தாலும் அதே வரிதான் காட்டும். சேர்க்கையப்ப டாட் காம்ங்கறதுக்கு டாட் கான்னு டைப் ஆகியிருந்தா எவ்ளோ காத்திருந்தாலும் வராது, ஆபீஸ்ல கேட்டு சரி பண்ணிக்கணும்.

கூகுள் வச்சு சைன் இன் பண்ணா "403 டிஸ்அலவுடு யூசர் ஏஜென்ட்"னு வருது.

லிங்க்க ஏதோ ஒரு ஆப்புக்குள்ளயே தொறந்திருக்கீங்க, இன்ஸ்டா, டெலிகிராம் மாதிரி. ஆப்புக்குள்ள ஒட்டி வச்சிருக்குற குட்டி பிரவுசர்ல கூகுள் சைன் இன் நடக்காது, 2017லேருந்தே கூகுள் அத அடைச்சு வச்சிருக்கு, அந்த ஆப் நீங்க டைப் பண்றத பாத்துடலாம்ங்கறதால. மூணு புள்ளிய தொட்டு ஓபன் இன் குரோம் குடுங்க, முடிஞ்சுது.

லாகின் ஆகுது, ஆனா நான் எட்டு வாரமா படிச்ச கோர்ஸே காணோம்!

போன்ல எத்தன ஜிமெயில் இருக்கு? உங்களோடது, தம்பியோடது, காலேஜ் குடுத்தது. கூகுள் சைன் இன் அமுக்குனதும் எத தொட்டீங்கங்கறதுதான் விஷயம். வேற மெயில்ல நுழைஞ்சா போர்ட்டலுக்கு நீங்க புது ஆளு, அதனால காலியாக் காட்டுது, உங்க படிப்பு எங்கயும் அழிஞ்சு போகல. லாக் அவுட் பண்ணிட்டு ஒவ்வொரு மெயிலா நுழைஞ்சு பாருங்க, கோர்ஸ் தெரியிற மெயில நோட்டுல எழுதி வைங்க.

என்பிடெல் படிக்கிறவங்க இத இன்னும் கவனமா பாக்கணும். கோர்ஸ்ல சேந்த மெயில் எதுவோ அதே மெயில்லதான் பரீட்சைக்கும் ரெஜிஸ்டர் பண்ணணும். வாராவாரம் போட்ட அசைன்மென்ட் மார்க் ஒரு மெயில்லயும், பரீட்சை மார்க் இன்னொரு மெயில்லயும் கெடந்தா சர்டிஃபிகேட் வர்றதுல சிக்கல்தான். பன்னெண்டு வாரம் ராத்திரி முழிச்சு படிச்சது இதுக்காக வீணாகக் கூடாது.

காலேஜோட சொந்த போர்ட்டல்ல காலியா இருந்தா அது வேற. அட்மிஷன் லிஸ்ட்டு போர்ட்டலுக்குப் போயி சேர ஒரு நாள் ரெண்டு நாள் ஆவலாம், இல்ல அந்த பாடத்துக்கு உங்க பேர ஆசிரியர் இன்னும் சேக்கலன்னு அர்த்தம். சார்கிட்ட கேளுங்க.

"யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்"னு செவப்பா வருது. வைரஸா?

மொதல்ல தேதிய பாருங்க. வெப்சைட்டோட பாதுகாப்பு சான்றிதழுக்கு தொடக்க தேதி, முடிவு தேதி ரெண்டும் உண்டு, உங்க மிஷின் தேதி அதுக்கு வெளிய இருந்தா பிரவுசர் நம்பாது. அண்ணன் அக்கா காலத்துல வந்த அரசு இலவச லேப்டாப்தான் நெறைய வீட்டுல இன்னும் ஓடுது, 2011ல தொடங்குன திட்டம் அது, அதுல வந்த பழைய மிஷின்ல உள்ள இருக்குற குட்டி பேட்டரி செத்துப் போயிருக்கும், சார்ஜ் எறங்கி ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பவும் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிடும். தேதிய சரி பண்ணா அப்போதைக்கு வேலை செய்யும், சர்வீஸ் கடைல பேட்டரிய மாத்திட்டா முழுசா தீரும். பெரும்பாலும் காசு மாதிரி வட்டமா இருக்குற சாதாரண பேட்டரிதான், பெருசா செலவு ஆவாது.

போன்லயும் தேதி நேரத்த ஆட்டோமேட்டிக்ல வைங்க. எஸ்எம்எஸ் இல்லாம போன்லயே லாகின் எண் காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப்ல வர்ற ஆறு எண் 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறும், அது கடிகாரத்த வச்சுத்தான் கணக்காவுது, போன் நேரம் ரெண்டு நிமிஷம் தள்ளி இருந்தாலே தப்புன்னு வரும்.

தேதி சரியா இருந்தும் பழைய போன்ல இது வந்தா மிஷினோட வயசு காரணமா இருக்கலாம். ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்துன போன்கள் நம்பிக்கிட்டு இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30ல காலாவதியாச்சு, அத வச்சு ஒப்பேத்துன மாற்று ஏற்பாடும் 2024ல முடிஞ்சுது, அதனால அந்த போன்கள்ல பல சைட்டு மக்கர் பண்ணுது, ஃபயர்ஃபாக்ஸ் போட்டா சில சமயம் ஓடும், அது தன் சான்றிதழ் லிஸ்ட்ட தானே வச்சிருக்கும். விண்டோஸ் 7ல குரோம் 109தான் கடைசி, அதுக்கு மேல அப்டேட் வராது. இதெல்லாம் சரியா இருந்தும் ப்ரவுசிங் சென்டர்லயோ பஸ் ஸ்டாண்ட் இலவச வைஃபைலயோ மட்டும் இந்த எச்சரிக்கை வந்தா, "பரவால்ல உள்ள போ"ன்னு அமுக்காதீங்க, உங்க டேட்டாவுல போங்க.

லாகின் அமுக்குனா சுத்தி சுத்தி மறுபடி லாகின் பேஜுக்கே வருது.

குக்கீ பிரச்சனை, அதாவது உங்கள ஞாபகம் வச்சுக்க சைட்டு பிரவுசர்ல போட்டு வைக்கிற குறிப்பு. பழைய குறிப்பு எதையும் எடுத்துக்காத இன்காக்னிட்டோ விண்டோல ஒரு தடவ தொறந்து பாருங்க, அதுல போச்சுன்னா உறுதி. குரோம்ல அட்ரஸ் பார் பக்கத்துல இருக்குற குறிய தொட்டு அந்த ஒரு சைட்டோட டேட்டாவ மட்டும் அழிங்க. எல்லாத்தையும் அழிங்கன்னு யாராவது சொல்லுவாங்க, வேணாம், மத்த எல்லா அக்கவுன்ட்லேருந்தும் வெளிய வந்துடுவீங்க, அப்பறம் அதுக்கெல்லாம் பாஸ்வேர்ட் தேடணும். லாகின் பேஜ புக்மார்க் பண்ணி வச்சு அதுலயே நுழையிறவங்களுக்கும் இது வரும், முகப்புப் பக்கத்துலேருந்து வாங்க. விபிஎன் ஆன்ல இருந்தா அணைச்சிடுங்க, வெளிநாட்டுலேருந்து வர்ற மாதிரி தெரிஞ்சா பல அரசு சைட்டு உள்ள விடாது. விளம்பரம் வராம இருக்க பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருந்தா அதையும் ஒரு தடவ ஆஃப்ல வச்சுப் பாருங்க.

502, 503ன்னு வருதே?

அது அவங்க சர்வர், உங்க மேல தப்பில்ல. ரிசல்ட் அன்னிக்கும் கடைசி நாளன்னிக்கும் வரும். விடியகாலம் அஞ்சு மணிக்கு முயற்சி பண்ணுங்க. பாஸ்வேர்ட மட்டும் மாத்திக்கிட்டு இருக்காதீங்க.

மழை பேஞ்சா எங்க ஊர்ல டவரே போயிடுது. டெட்லைன் எப்படி சமாளிக்கிறது?

அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, செமஸ்டர் பரீட்சையும் அதே சமயம்தான் வந்து விழுது. கரண்ட் போனா டவர் பேட்டரில கொஞ்ச நேரம் ஓடும், அப்பறம் அதுவும் நின்னுடும். 2018 நவம்பர் 16 விடியகாலம் கஜா புயல் அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் எத்தனையோ கிராமத்துல வாரக்கணக்குல கரண்ட் இல்ல, அத பாத்தவங்களுக்கு இத சொல்லவே வேணாம். வானிலை எச்சரிக்கை வந்த அன்னிக்கே பாட பிடிஎஃப், வீடியோ எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணிக்குங்க, அசைன்மென்ட் அர குறையா இருந்தாலும் ஒரு தடவ அப்லோட் பண்ணிடுங்க, திருப்பி மாத்த விடுற போர்ட்டல்னா அப்பறம் மாத்திக்கலாம். லாகின் ஆன நெலையிலயே போன விடுங்க, லாக் அவுட் பண்ணிட்டா திரும்ப ஓடிபிக்கு சிக்னல் வேணும்.

வீட்டுல ரெண்டு கம்பெனி சிம் இருந்தா நல்லது. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு ஓடும். சப்மிட் பண்ண முடியலன்னா கரண்ட் வந்த உடனே சாருக்கு மெசேஜ் போடுங்க, ஊர் பேரு, கரண்ட் போன நேரம், வந்த நேரம் எழுதி. நம்ம பக்கத்து ஆசிரியருங்களுக்கும் இதே மழைதான், புரிஞ்சுக்குவாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு சொன்னா நம்ப வைக்கிறது கஷ்டம்.

பேரு மேட்ச் ஆகலன்னு வருது. என் பேருல என்ன தப்பு?

தப்பு ஒண்ணும் இல்ல, இனிஷியல்தான். மார்க் ஷீட்ல பேருக்கு முன்னாடி இனிஷியல், ஆதார்ல பின்னாடி, பேங்க் பாஸ்புக்ல அப்பா பேரு முழுசா. மிஷினுக்கு மூணும் மூணு ஆளு. எந்த ஆவணத்தோட ஒப்பிடுதுன்னு பாத்து, அதுல எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி, ஸ்பேஸுக்கு ஸ்பேஸ் எப்படி இருக்கோ அப்படியே போடுங்க. புள்ளி இல்லாம ஒரு தடவ, இனிஷியல பின்னாடி தள்ளி ஒரு தடவன்னு பாருங்க. அதுக்கும் ஆகலன்னா ஆவணத்த திருத்துறதுதான் வழி, மூணாவது வருஷம் வரைக்கும் காத்திருக்காம இப்பவே ஆரம்பிங்க.

லேப்லயோ கடைலயோ லாகின் பண்ணா என்ன கவனிக்கணும்?

இன்காக்னிட்டோல தொறங்க, பாஸ்வேர்ட சேவ் பண்ணவான்னு கேட்டா வேணாம்னு குடுங்க, முடிஞ்சதும் லாக் அவுட் பண்ணிட்டு விண்டோவ மூடுங்க. டேப்ப மட்டும் மூடிட்டு வந்தா அடுத்து உக்காருறவர் உங்க பேர்ல உள்ள இருப்பாரு. டவுன்லோட் ஃபோல்டர்ல விழுந்த ஹால் டிக்கெட், ஆதார் காப்பிய அழிச்சிட்டு வாங்க. மறந்துட்டு வந்துட்டா போன்லேருந்து பாஸ்வேர்ட மாத்துங்க, லாக் அவுட் ஆல் டிவைசஸ்னு இருந்தா அதையும் குடுங்க.

ஹெல்ப் டெஸ்க்குக்கு மூணு மெயில் போட்டேன், பதிலே இல்ல.

"சார் லாகின் ஆகல ப்ளீஸ் ஹெல்ப்"னு ஒரு வரி போட்டா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. இந்த மாதிரி எழுதுங்க:

"ஐயா, வணக்கம். என் ரெஜிஸ்டர் நம்பர் இது, பி.காம் இரண்டாம் ஆண்டு. நேத்து ராத்திரி 8.40க்கு ஆண்ட்ராய்டு போன்ல குரோம் வழியா நுழைஞ்சப்ப இன்வாலிட் லாகின்னு வந்தது. பாஸ்வேர்ட் ரீசெட் பண்ணியும் அதேதான். இன்காக்னிட்டோலயும் பாத்துட்டேன். பதிவான நம்பர் 42ல முடியுது, அது இப்ப எங்ககிட்ட இல்ல, புது நம்பர் கீழ குடுத்திருக்கேன். ஐடி கார்டு படமும் ஸ்கிரீன் ஷாட்டும் இணைச்சிருக்கேன்."

இதுல எல்லாம் இருக்கு, படிச்சவரு உடனே வேலைய ஆரம்பிக்கலாம். காலேஜ் ரெக்கார்டுல இருக்குற மெயில்லேருந்தே அனுப்புங்க. பாஸ்வேர்டயோ ஓடிபியயோ எழுதாதீங்க, சரி பண்றவருக்கு அது தேவையே இல்ல, கேட்டாலும் குடுக்காதீங்க.

டெலிகிராம்ல ஒருத்தர் 300 ரூபாய்க்கு அன்லாக் பண்ணித் தர்றேங்கிறாரு, நம்பலாமா?

நம்பாதீங்க. அவரு கேக்கப் போறது உங்க ஓடிபிதான். அது போனா அக்கவுன்ட்டும் போவும், அதே பாஸ்வேர்ட வேற எங்கயாவது வச்சிருந்தா அதுவும் போவும். காசு போயிடுச்சுன்னா உடனே 1930க்கு கூப்பிடுங்க, சைபர் குற்றத்துக்குன்னே உள்ள நம்பர், எவ்ளோ சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்ளோ நல்லது. வீட்டுல திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க, பெத்தவங்களும் தயவுசெஞ்சு அந்த நேரத்துல திட்டாதீங்க.

பரீட்சை அன்னிக்கே லாகின் ஆகலன்னா?

முந்துன நாள் சாயங்காலமே அதே போன்ல, அதே நெட்ல ஒரு தடவ நுழைஞ்சு பாத்துடுங்க. அன்னிக்கு ஆகலன்னா நேரம் தெரியிற மாதிரி ஸ்கிரீன் ஷாட் எடுங்க, பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட்ல ஒரு தடவ பாருங்க, அதுக்கும் ஆகலன்னா பரீட்சை நேரம் முடியிறதுக்குள்ள பொறுப்பாளருக்கு போனும் மெயிலும் ரெண்டும் போடுங்க. அதுல பரீட்சை தொடங்குன நேரத்தையும் நீங்க முயற்சி பண்ண நேரத்தையும் எழுதுங்க.

படிப்பு முடிஞ்சுது. இனிமே இந்த அக்கவுன்ட் எதுக்கு?

காலேஜ் குடுத்த மெயில எப்ப வேணா மூடிடுவாங்க. அதுக்கு முன்னாடி அந்த மெயில்ல சேந்த கோர்ஸ், சர்டிஃபிகேட், டிரைவ்ல இருக்குற புராஜெக்ட் எல்லாத்தையும் எறக்கி சொந்த மெயிலுக்கு மாத்திக்குங்க, டிஜிலாக்கர்லயும் மார்க் ஷீட் வந்திருக்கான்னு பாருங்க. சொந்த ஜிமெயிலையும் வருஷத்துக்கு ஒரு தடவயாவது தொறங்க, ரெண்டு வருஷம் தொறக்காம கெடக்குற அக்கவுன்ட்ட கூகுள் அழிக்கலாம், 2023 டிசம்பர்லேருந்து அந்த விதி நடப்புல இருக்கு. வேலைக்குன்னு சென்னை, திருப்பூர், வெளிநாடுன்னு கெளம்புறப்ப நம்பர் மாறும், அப்ப எல்லா போர்ட்டல்லயும் புது நம்பர ஏத்திட்டு அப்பறமா பழைய சிம்ம விடுங்க.